போர் தண்ணியும் கப்பி மீனும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு

நம்ம பக்கம் தொட்டியில் கப்பி செத்து மிதந்தால் முதல் பழி தண்ணீர் மேல்தான் விழும். "போர் தண்ணி சப்பை உப்பு, மீன் தாங்காதுங்க" என்று கடைக்காரரே சொல்லி அனுப்புவார். அடுத்த தடவை கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுவார்கள். அதிலும் செத்துப்போகும். பிறகு தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

கப்பிக்குப் பிடித்தது கடினத் தண்ணீர்தான். டிரினிடாட், வெனிசுவேலா ஓடைகளைச் சேர்ந்த மீன் இது. கடலோர உவர்நீரில்கூடத் தாக்குப்பிடித்துக் குட்டி போடும். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 முதல் 8.2 வரை இருந்தால் அதற்குச் சங்கடமே இல்லை. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுகிற, சோப்பு நுரைக்காத தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் அதன் எலும்புக்கும் செவுளுக்கும் வேண்டியவை. அதனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கப்பி வளர்க்கிறவர் தண்ணீரின் குணத்தை மாற்றப் போராட வேண்டியதில்லை. அந்தக் குணத்தால் வருகிற பக்கவிளைவை மட்டும் கவனித்தால் போதும். அது அம்மோனியா. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பல வீடுகளில் இப்போது மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது: போர், 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஆர்.ஓ. கேன். மூன்றுமே வேறு வேறு தண்ணீர். போர் தண்ணீரில் உப்பும் கடினமும் அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் காவிரியிலிருந்து வருவதால் அதைவிட மென்மையானது, குளோரின் கலந்தது. ஆர்.ஓ.வில் ஒன்றுமே இல்லை. இந்த வாரம் குழாயில் வந்ததே என்று ஒகேனக்கல் தண்ணீர், அடுத்த வாரம் வரவில்லை என்று போர், நடுவில் மீந்த கேன் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. மீன் எந்தத் தண்ணீருக்கும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். வாராவாரம் புதுத் தண்ணீருக்குப் பழக அதனால் முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதிலேயே நில்லுங்கள். எங்கள் ஓட்டு போர் தண்ணீருக்கே.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும்? முதல் வாரம் எல்லாம் நன்றாகத் தெரியும். பிறகு மீன் துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று நடுங்கியபடி நெளியும். கப்பி வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறி இது. காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை. தாது உப்புப் பஞ்சம். கூடவே, அந்தத் தண்ணீரில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் இல்லாததால், மீன் கழிவு சேரச் சேர பி.எச். இரண்டு மூன்று வாரத்தில் 6-க்குக் கீழே சரியும். அதோடு ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், கடினத்தைக் காட்டாது. ஓசூர் அடுக்குமாடிகளில் சாஃப்ட்னர் போட்ட தண்ணீரில் டி.டி.எஸ். 800 காட்டும், ஆனால் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைத்திருப்பார்கள். மீனைப் பொறுத்தவரை அது மென்மையான தண்ணீர். சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடியுங்கள். போர் தண்ணீரே 1500-ஐத் தாண்டிப் போனால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஆர்.ஓ. கலந்துகொள்ளலாம். கலக்கும் விகிதம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

ஃப்ளோரைடு பற்றிக் கேட்காதவர் இல்லை. பல்லில் கறை, எலும்பில் வலி என்று இந்த மாவட்டங்கள் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது, அதனால் கேள்வி நியாயம்தான். ஆனால் இங்கே கப்பி கூட்டமாகச் சாகும் தொட்டிகளில் காரணம் அநேகமாக அம்மோனியாவோ சூடோதான். ஃப்ளோரைடைத் தேடிப் போக வேண்டி வருவதில்லை. கால்சியம் நிறைந்த தண்ணீரில் மீன் மேல் ஃப்ளோரைடின் வீரியமும் குறைவு.

போர் தண்ணீரை மோட்டார் போட்ட கையோடு தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்பில் மாட்டிய ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு ஊற்றுங்கள். வாயு வெளியேறியதும் பி.எச். கொஞ்சம் ஏறும், அளப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு அளந்ததுதான் கணக்கு. ஒகேனக்கல் தண்ணீர் என்றால் இதே 24 மணி நேரத்தில் குளோரினும் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு சோடியம் தயோசல்ஃபேட், கடையில் 'ஹைப்போ' என்று கேட்டால் தருவார்கள். பத்து லிட்டர் பக்கெட்டுக்குத் துவரம்பருப்பு அளவு படிகம் ஒன்று தாராளம். பிளீச்சிங் வாடை மூக்கில் அடித்தால் இரண்டு.

அம்மோனியா என்கிற விலை

கடினத் தண்ணீருக்கு நாம் கொடுக்கும் விலை இது. மீன் மூச்சு விடுவதிலும், கழிவிலும், மீந்த தீனியிலும் அம்மோனியா வருகிறது. அது தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று ஓரளவு சாது, இன்னொன்று செவுளைச் சுடும் விஷம். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூறில் அரைப் பங்குதான் விஷ வடிவம். பி.எச். 8 என்றால் அதே அம்மோனியாவில் நூறில் ஐந்து பங்குக்கு மேல் விஷமாகிவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. சூடு ஏறினால் இன்னும் கூடும். அதாவது, வேறு ஊர்க்காரர் மென்மையான தண்ணீரில் கவலை இல்லாமல் தாண்டிப்போகிற ஒரு தவறு, பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டினத்திலோ ஏப்ரல் மாதத்தில் ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்துவிடும். வாங்கிய மீன் மூன்றாம் நாள் சாகிறதே, அதன் கதை பெரும்பாலும் இதுதான். புதுத் தொட்டி, புது ஃபில்டர், ஒரே நாளில் இருபது மீன், பிள்ளைகள் நாளுக்கு ஆறு தடவை போடும் தீனி.

ஃபில்டர் என்பது அழுக்கை வடிகட்டுகிற சாதனம் மட்டும் இல்லை. அதன் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். அந்தப் பாக்டீரியா வளர 3 முதல் 6 வாரம் ஆகும். சீக்கிரம் வேண்டுமென்றால் ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாங்கி வந்து, ஈரம் காயாமல் அன்றைக்கே உங்கள் தொட்டியில் போடுங்கள். அவருக்குப் புது ஸ்பாஞ்ச் ஒன்று கொடுத்துவிடலாம். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட இது நூறு மடங்கு நம்பகம்.

யாரும் கிடைக்கவில்லை என்றால் 45 லிட்டர் தொட்டியில் நான்கு மீன் மட்டும் விட்டு ஆரம்பியுங்கள். முதல் மாதம் நாளுக்கு ஒரு தடவை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றம். அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குவது வீண் செலவு இல்லை, பி.எச். 8 இருக்கும் ஊரில் 0.5 காட்டினாலே அன்றைக்கே பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் நான்கு தடவை பிழிந்தால் போதும். குழாயடியில் பளிச்சென்று தேய்த்துக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து.

தொட்டி, சூடு, குளிர்

2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி கண்ணாடித் தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 45 லிட்டர் சுமார் பிடிக்கும். மூன்று ஆண், ஏழு பெண் போதும். பார்க்கக் காலியாகத் தெரியும், இரண்டு மாதம் பொறுங்கள். ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். ஆண் கூடினால் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை. மீன் மார்க்கெட் தெர்மோகோல் பெட்டி, பாதியாக அறுத்த டிரம், பழைய ஃப்ரிட்ஜின் உள் பெட்டி எல்லாமே நல்லவை. தெர்மோகோலும் ஃப்ரிட்ஜ் பெட்டியும் சூட்டையும் குளிரையும் மெல்லத்தான் உள்ளே விடும் என்பதால் கண்ணாடியைவிட ஒரு படி மேல். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி மட்டும் ஆபத்து; சுண்ணாம்பு கசிந்து பி.எச். 10-க்கு மேல் போகும். தண்ணீர் நிரப்பி, வாழைமட்டையை வெட்டிப் போட்டு, வாரம் ஒரு முறை மொத்தமும் இறைத்துவிட்டு மறுபடி நிரப்பி, மூன்று வாரமாவது ஊறவிடுங்கள்.

கீழே போட கிருஷ்ணகிரி கிரானைட் சில்லு தாராளமாகப் போடலாம், தண்ணீரில் எதையும் கரைக்காது. வெள்ளை மார்பிள் கல் வேண்டாம், இருக்கிற கடினமே போதும். குட்டித் தொட்டியில் எதுவுமே போடாதீர்கள்.

கப்பிக்கு 24 முதல் 27 டிகிரி சுகம். இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே இரண்டு சீதோஷ்ணம் இருப்பதுதான் சிக்கல். அரூர், பென்னாகரம், தருமபுரி டவுனில் கோடை மாடித் தொட்டி 34-ஐத் தொடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டையில் மார்கழி ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 20-க்குக் கீழே இறங்கும்.

சூட்டுக்கு: மாடித் தொட்டிக்குப் பச்சை வலை கட்டுங்கள், மதிய வெயில் நேராகப் படக் கூடாது. வீட்டுக்குள் என்றால் மூடியைத் திறந்து சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டாலே 2 டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு லிட்டர் ஐஸ் உருகி முடிவதற்குள் 45 லிட்டரை 2 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். சாயந்திரம் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் வெள்ளைப் புள்ளி நோய்க்கு வாசல். ஃபேன் போட்டால் தண்ணீர் வற்றும். வற்றிய அளவை ஈடுகட்ட மட்டும் கேன் தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பெல்லாம் உள்ளேயே நின்றுவிடும்; மேல்நிரப்பலுக்கும் போர் தண்ணீரே ஊற்றினால் மே மாதக் கடைசியில் டி.டி.எஸ். எங்கேயோ போயிருக்கும். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு வழக்கம்போல போர்.

குளிருக்கு: 45 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர், 25-ல் வைத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். வெளியே தெரியும் சூடான கண்ணாடிக் குழாய் வெடிக்கும். அதைவிட முக்கியம், கையை உள்ளே விடுவது நீங்கள். பின்னாலும் இரு பக்கமும் தெர்மோகோல் ஒட்டிவிட்டால் ஹீட்டர் ஓடும் நேரம் குறையும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளில் காலையில் தீனி போடாதீர்கள். கூட்டம் அதிகமில்லாத தொட்டி ஏர் பம்ப் இல்லாமல் அந்த ஐந்தாறு மணி நேரத்தைத் தாங்கும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போனதும் ட்யூப் வழியே தண்ணீர் பின்னோக்கி வடிந்து பம்புக்குள் இறங்கிவிடும்.

வாங்கும்போது

நம் ஊர்க் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும். வந்து இறங்கிய அன்றைக்கு வாங்காதீர்கள். நான்கைந்து நாள் கடையில் நின்ற மீனே நல்லது. ஒரு மீன் மட்டுமல்ல, அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலும், ஒன்றின் வால் ஒட்டிக்கொண்டிருந்தாலும், வேறு கடை. ஃபுல் ரெட், டம்போ இயர், அல்பினோ என்று பளபளப்பவை தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கலந்து எடுத்தவை, உடல்வாகு மெல்லியது. முதல் தொட்டிக்குக் கலப்பு நிறக் கப்பி போதும். நம் தண்ணீரிலேயே உள்ளூரில் யாராவது குட்டி எடுத்து வளர்த்தது கிடைத்தால் அதுதான் தங்கம்.

கவரைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு அரை டம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு. முடிந்தால் இரண்டு வாரம் தனி டப்பாவில் வைத்திருந்து பார்த்துவிட்டுச் சேர்ப்பது உத்தமம்.

குட்டிகள்

கப்பி முட்டை இடாது, நேராகக் குட்டி போடும். 26 டிகிரியில் சுமார் 28 நாளுக்கு ஒரு ஈத்து. தண்ணீர் 28-29 இருந்தால் 22-24 நாளிலேயே முடிந்துவிடும். ஓசூர்க் குளிரில் ஹீட்டர் இல்லாவிட்டால் ஐந்து வாரத்துக்கும் மேல் இழுக்கும். முதல் ஈத்தில் ஐந்து முதல் பதினைந்து. நன்கு வளர்ந்த பெண் முப்பது முதல் அறுபது. பெரிய தாய் நூறும் தாண்டும். கடையில் ஆண்களோடு கலந்திருந்த பெண்ணைத் தனியாக வைத்தாலும் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆணின் விந்தை உள்ளே சேமித்து வைத்து ஆறு மாதம்வரைகூடப் பயன்படுத்தும்.

ஈனப்போகும் பெண்ணை வயிற்றின் அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் பாருங்கள்: வயிறு உருண்டையாக இருந்தது போய், முன்பக்கம் செங்குத்தாக இறங்கிப் பெட்டி போல ஆகும். மலத்துவாரத்துக்கு மேலே உள்ள கரும்புள்ளி விரிந்து, வெளிர் நிற மீனில் குட்டிகளின் கண்கள் புள்ளி புள்ளியாகவே தெரியும். கூட்டத்தை விட்டு விலகி ஹீட்டர் பின்னாலோ செடிக்குள்ளோ நிற்கும், தீனிக்கு வராது. இதற்குப் பிறகு ஒரு நாள், இரண்டு நாள்.

பெரும்பாலும் விடிகாலையில்தான் ஈனும். ஒவ்வொன்றாக வரும். தலையும் வாலும் ஒட்டிய சின்ன உருண்டையாக வெளியே விழுந்து, இரண்டு மூன்று அங்குலம் கீழே இறங்குவதற்குள் உடம்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு துள்ளல். 6-7 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்தான் பெரிதாகத் தெரியும். சில அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், சில நேராக மேற்பரப்புச் செடிக்குள் பாயும். அந்தத் துள்ளல்தான் பெரிய மீன்களின் கண்ணில் படுவது. தாயே திரும்பிப் பார்த்தால் தாயே விழுங்கிவிடும், பாசம் கீசம் எதுவும் கிடையாது. வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியபடி எழும்ப முடியாமல் அடியில் கிடக்கும் குட்டிகளைக் கண்டால், குறைமாசம் என்று அர்த்தம். ஈனுவதற்குச் சற்று முன் தாயை வலையில் பிடித்து இடம் மாற்றியதோ, குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றியதோ காரணமாக இருக்கும்.

இதனால்தான் கடையில் விற்கும் உள்ளங்கை அகல பிரீடிங் பாக்ஸ் எங்களுக்குப் பிடிப்பதில்லை. ஒரு வாரம் முன்னாலேயே தாயை அதற்குள் அடைத்து வைத்தால் அது மிரண்டு, ஈனுவதைத் தள்ளிப்போட்டு, சில சமயம் செத்தும்விடும். அதற்குப் பதிலாக ஐம்பது ரூபாய் காய்கறிக் கூடை ஒன்று போதும். பக்கமும் அடியும் 5 மில்லிமீட்டர் அளவு ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையாகப் பாருங்கள். வளர்ந்த பெண்ணின் உடம்பு அதில் நுழையாது, குட்டி சுலபமாக நழுவிவிடும். ஓட்டை ஓரங்களில் பிசிறு இருந்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், துடுப்பு கிழியும். 20 லிட்டர் டப்பாவில், தாய் இருந்த தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, கூடையை விளிம்பு வெளியே தெரிய மிதக்கவிட்டு, உள்ளே ஒரு பிடி பாசி போட்டு, பெட்டி வடிவம் வந்த பிறகு மட்டும் தாயை மாற்றுங்கள். வலை வேண்டாம், ஒரு டம்ளரால் தண்ணீரோடு மொண்டு மாற்றுங்கள். மேலே துணி போர்த்தி இருட்டாக்கிவிட்டால் தாய் அடங்கும். ஈன்று முடித்ததும் தாயை அன்றைக்கே ஆண்களோடு விடாமல் ஒரு நாள் தனியாக ஓய்வு கொடுத்து, நன்றாகத் தீனி போடுங்கள்.

தனி டப்பாவுக்கெல்லாம் நேரமில்லை என்பவருக்குச் செடிதான் வழி. தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை வேலம்பாசியோ ஜாவா மாஸோ அடைத்துக்கொள்ளட்டும், மேலே ஆகாயத்தாமரை வேர் தொங்கட்டும். ஈத்துக்குப் பத்துப் பதினைந்து குட்டி தானாகத் தப்பும். வீட்டுத் தொட்டிக்கு அதுவே அதிகம். ஏரியில் பிடுங்கி வந்த வேலம்பாசியில் தட்டான் பூச்சியின் குஞ்சு ஒன்று ஒளிந்திருந்தால் போதும், வாரத்தில் அத்தனை குட்டியையும் தின்று தீர்த்துவிடும். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு ஒவ்வொரு கொத்தாக அலசிப் பாருங்கள். பிறகு இளஞ்சிவப்பு நிறம் வருமளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்கு அலசுங்கள். அது அட்டை, ஹைட்ரா, கிருமிக்கு. தட்டான் குஞ்சு அதற்கெல்லாம் அசராது, ஆகவே செடியை இரண்டு வாரம் தனி வாளியில் வைத்திருந்து மறுபடி ஒரு முறை பாருங்கள்.

குட்டி காணாமல் போகும் இன்னொரு வழி ஃபில்டர். மோட்டார் வைத்த பவர் ஃபில்டர் குட்டிகளை உறிஞ்சிவிடும். குட்டி இருக்கும் இடத்தில் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்.

என்ன கொடுப்பது

முதல் மாதத் தீனிதான் மீனின் ஆயுள் முழுக்கத் தெரியும். அந்த நேரத்தில் பட்டினி போட்ட குட்டி பிறகு எவ்வளவு தின்றாலும் வால் விரியாது.

ஆர்ட்டீமியாவுக்கு, அதாவது உப்புநீரில் வாழும் பொடி இறால் வகையின் குஞ்சுக்கு, ஈடு எதுவும் இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, 25 கிராம் கல் உப்பு கரைத்த தண்ணீர் ஊற்றி, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை போட்டு, அடிவரை ஏர் ட்யூப் விட்டு முட்டை அடியில் தங்காதபடி கொதிப்பது போல ஓடவிடுங்கள். 28 டிகிரியும் பக்கத்தில் ஒரு பல்பும் இருந்தால் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பி.எச். 8-க்கு மேல் வேண்டும் என்று சிலர் ஆப்ப சோடா சேர்ப்பார்கள், நம் போர் தண்ணீருக்கு அது தேவைப்படாது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். ட்யூபால் அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு போனால் குட்டியின் குடலை அடைத்துக்கொள்ளும். தின்ற ஐந்து நிமிடத்தில் குட்டிகளின் வயிறு ஆரஞ்சு மணி போலத் தெரியும். எந்தக் குட்டிக்குத் தெரியவில்லையோ அது தின்னவில்லை. பொரிந்த சில மணி நேரத்திலேயே அதன் சத்து குறையத் தொடங்கும், மீந்ததை ஐஸ் ட்ரேயில் உறையவைத்துவிடுங்கள்.

ஆர்ட்டீமியா நாளுக்கு இரண்டு வேளை, நடுவில் விரலால் தேய்த்து மாவாக்கிய நல்ல தீனி இரண்டு வேளை. அவித்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாம். முப்பது குட்டிக்குக் கடுகளவு, துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிந்து. அன்று சாயந்திரமே கால் பங்கு தண்ணீர் மாற்ற மனமில்லாதவர் முட்டைப் பக்கமே போக வேண்டாம், அதைப்போல அம்மோனியா கிளப்புவது வேறெதுவும் இல்லை. சாக்கடையோரம் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவையும் தவிர்த்துவிடுங்கள். பெரிய மீனுக்குக் கொசுப் புழு அருமையான தீனி. ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி வைத்து, ஒரு நாள் மறந்துவிட்டால் தெருவுக்கே டெங்கு கொசு சப்ளை செய்தவர் ஆவீர்கள்.

20 லிட்டரில் ஐம்பது குட்டிக்கு மேல் முதல் மாதம் வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், பிடித்துவைத்து ஆறிய அதே போர் தண்ணீர், அதே சூடு. ஒரு மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வர வேண்டும். வரவில்லையென்றால் தீனியைக் கூட்டாதீர்கள், முதலில் கூட்டத்தைக் குறையுங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறியாகவே இருக்கும், கரும்புள்ளியும் லேசாகத் தெரியும். ஆணுக்கு அது ஒடுங்கிக் குச்சியாக ஆரம்பிக்கும். தருமபுரி வெயிலில் ஆண் சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும், நான்காம் வாரத்துக்குள் பிரிக்காவிட்டால் தங்கையையே சினையாக்கிவிடும். நிறத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு அங்கேயே கதை முடிந்தது.

நோய் வந்தால்

மருந்துக்கு முன்னால் தண்ணீரை அளந்து, பாதியை மாற்றுங்கள். பாதி நோய் அதிலேயே தெளியும்.

வெள்ளைப் புள்ளி நம் பக்கம் குளிர்காலத்தில்தான் அதிகம். மாவு தூவியது போல உடம்பெல்லாம் வரும். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, அதாவது 45 லிட்டருக்கு 90 கிராம், மூன்றாகப் பிரித்து ஒன்றரை நாளில் கரைத்து ஊற்றி, ஹீட்டரை மெல்ல 29-க்கு ஏற்றி, பத்து முதல் பதினான்கு நாள் வையுங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். அடியில் இருக்கும் ஒட்டுண்ணி இன்னும் சாகவில்லை. உப்புக்கு முன் செடிகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

வாயோரம் பஞ்சு போல வெள்ளை, முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய பட்டை என்றால் அது பூஞ்சை இல்லை, காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. கோடையில் வரும். இதற்குச் சூட்டை ஏற்றினால் இரண்டே நாளில் மொத்தமும் போகும், இறக்கத்தான் வேண்டும். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கிப் பிரித்துக் கொட்டுவது இங்கே பழக்கம். நம் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும், தொட்டி மஞ்சளாவதைத் தவிர அதிகம் நடக்காது. மீனைத் தனி டப்பாவுக்கு மாற்றி, உப்பும் சுத்தமான குளிர்ந்த தண்ணீரும் கொடுப்பது மேல்.

மலத்துவாரத்தில் சிவப்பு நூல் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருந்தால் கமல்லானஸ் புழு. மீன் அசையாமல் நிற்கும்போதுதான் கண்ணில் படும். ஆட்டுக்குக் கொடுக்கும் லெவாமிசோல் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். ஆக்ஸிகுளோசனைடு கலந்தது வேண்டாம், அது மீனுக்கு விஷம். லேபிளைப் படித்துத் தனி லெவாமிசோலாக வாங்குங்கள். மருந்தின் உட்பொருள் கணக்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம். பிறகு அடியில் விழுந்த புழுக்களை உறிஞ்சி எடுத்து முக்கால் பங்கு தண்ணீர் மாற்றம். மூன்று வாரம் கழித்து இதையே இன்னொரு முறை.

முதுகு வளைந்து மெலிந்துகொண்டே போகும் மீனுக்கு வைத்தியம் இல்லை. பிரித்துவிடுங்கள், அதிலிருந்து குட்டி எடுக்காதீர்கள். கையில் காயம் இருக்கும்போது அந்தத் தொட்டியில் கை விடாதீர்கள். அது மீன் காசநோயாக இருந்தால் நம் தோலிலும் புண்ணாகும்.

பெருகிப் போனால்

ஆறு மாதத்தில் கேட்பாரற்று நூறு மீன் நிற்கும். ஏரியிலும் தென்பெண்ணையிலும் கொண்டுபோய் விடுவது வேண்டவே வேண்டாம். அங்குள்ள நம் சிறு மீன்களின் தீனிக்கும் குஞ்சுக்கும் இது போட்டி. கேட்பவருக்குக் கொடுங்கள், கடைக்காரர் மாற்றுக்கு எடுத்துக்கொள்வார். கொடுப்பதற்கு முதல் நாள் தீனி போடாமல் வயிற்றைக் காலியாக்குங்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, கால் கிலோ தண்ணீருக்கு நான்கு மீன், இரண்டு கவராகப் போட்டு மூலையை ரப்பர் பேண்டால் மடித்துக் கட்டிவிட்டால் குட்டி மூலையில் மாட்டி நசுங்காது. தருமபுரியிலிருந்து ஓசூர் பஸ் பயணத்துக்கு இது தாராளம். வாங்கிக்கொள்கிறவரிடம் உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு கொடுத்துவிடுங்கள்.